குதிரை வராத வீடு

— அந்த ஜன்னலைச் சாத்து புள்ள. தூசி உள்ள வருது.

— வந்துட்டுப் போகட்டும் மச்சான். இன்னைக்குத்தான் நெஞ்சு நல்லா இருக்கே.

— அதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

— எது?

— நெஞ்சு நல்லா இருக்கிறதுதான்.

— பொண்டாட்டிக்கு இழுப்பு நின்னு போச்சேன்னு வயித்தெரிச்சல் படுற புருசனை இன்னைக்குத்தான் பாக்கேன். மெதுவாப் பேசுங்க. முன் சீட்டுல இருக்கிறவுக திரும்பித் திரும்பிப் பாக்குறாக.

— பாக்கட்டும். இல்ல, நான் கேக்கேன்... இந்தத் தடவை நான் மலைக்குப் போனேனா இல்லையா?

— போனீக.

— குரங்கணிக்கு மேல, பொதிக்குதிரைகளோட மழையிலயும் பனியிலயும் கெடந்தேனா இல்லையா?

— கெடந்தீக. அதுக்கு இப்ப என்ன?

— நத்தர்ஷா மலையேறினா ரஃபியாவுக்கு இழுப்பு வரும், அவன் எறங்கி வந்தா நின்னுரும். உத்தமபாளையத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. இன்னைக்கு என்னடான்னா, போன வாரத்துலருந்து ஒரு நாக்கூட இழுக்கலைன்னு டாக்டரம்மாகிட்ட நீயே சொல்ற. அவுகளும் முதுகுல குழாயை வச்சுப் பாத்துட்டு சுத்தமா இருக்குங்கிறாக. நான் அப்ப மலையிலதானே இருந்தேன்? எப்பிடி?

— மருந்து கேட்டிருக்கும்.

— மருந்து ரெண்டு வருசமா இருக்கு. அன்னைக்கெல்லாம் கேக்காத மருந்து இப்பக் கேட்டுருச்சாக்கும்?

— வேற எப்பிடிங்கிறீக? சொல்லுங்க.

— என்னை நெனைக்கிறதை விட்டுட்டியோ என்னமோ.

— அல்லாவே! இந்த மனுசனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

— சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். மலையில ஜேசுராஜ் டீக்கடையில எம்புட்டுப் பெருமையா இருந்தேன் தெரியுமா? "உம் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி ஏங்க மாட்டாய்யா, மூச்சையே விட்டுடுறாளே"ம்பான் அவன். மத்தவனெல்லாம் வாயப் பொளந்து கேப்பான்.

— அங்கன போயி இதை வேற சொல்லி வச்சிருக்கீகளா! நான் இங்கன மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கேன், அது உங்களுக்குப் பெருமையா?

— பெருமைன்னா... கஷ்டமாவும் இருக்கும். ரெண்டுந்தான் புள்ள.

— மாமி என்னைய தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி, தண்ணி ஓதி, தாயத்துக் கட்டி, போற வர்றவுககிட்ட எல்லாம் "எம் மகன் பிரிவு தாங்காம இழுக்குது"ன்னு சொல்லி... எனக்கு வெளிய தலைகாட்ட முடியலை. சின்னப் பிள்ளைகூடக் கேலி பண்ணுது.

— அம்மாவைச் சொல்லாத. அது நம்பித்தானே செஞ்சுச்சு. நானும் நம்புனேன். இன்னைக்கு டாக்டரம்மாகிட்ட வாய்விட்டே கேட்டேன்ல.

— என்னத்தக் கேட்டீக?

— ஏக்கத்துல இழுப்பு வருமாம்மான்னு.

— அய்யோ, மானம் போச்சு! நான் மருந்து வாங்கப் போயிருந்தப்பவா?

— ஆமா. அந்தம்மா சிரிச்சாக. "மனசு கலங்கினா இருக்கிற இழுப்புக் கூடும்யா, அதை இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க வீட்டம்மாவுக்கு இது குதிரையால"ன்னு பட்டுனு சொல்லிட்டாக. அதுக்கப்புறம் என்னமோ செல்லுங்கிறாக, சதைங்கிறாக. குதிரைங்கிறதுக்கு மேல ஒண்ணும் எங் காதுல ஏறலை. உனக்கு ஏதாச்சும் விளங்குச்சா?

— போன வாரம் உங்க அக்கா சுபைதா மதினியோட வந்தப்பவே எனக்கு எல்லாஞ் சொன்னாக.

— என்ன சொன்னாக?

— கையில வரிசையாச் சொட்டுச் சொட்டா மருந்து விட்டு, ஒவ்வொண்ணு மேலயும் ஊசி முனையால லேசாக் கிள்ளினாக. ஒரு சொட்டு வீட்டுத் தூசி, ஒண்ணு பூனை, ஒண்ணு கரப்பான் பூச்சி, இப்பிடி. செத்த நேரம் உக்காரச் சொன்னாக. எல்லாம் அப்பிடியே கெடக்கு, ஒண்ணே ஒண்ணு மட்டும் கொசு கடிச்ச மாதிரி வீங்கி அரிக்குது.

— அதான் குதிரையா?

— அதான் குதிரை. மதினிக்கு ஒரே சிரிப்பு. "எந் தம்பி சோத்துப் பானையிலயே கை வச்சிட்டியேடி"ங்கிறாக.

— சரி, குதிரைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

— மூச்சுக்குழாயைச் சுத்தி வளையம் வளையமாச் சதை இருக்காம். அது இறுகினா குழாய் சின்னதாகி விசில் அடிக்கும். நான் அந்தச் சதைக்குத்தான் கோளாறுன்னு நெனைச்சேன். அது பாவம் மச்சான். அதுக்குக் குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது.

— பின்ன யாருக்குத் தெரியும்?

— உடம்புல காவக்காரச் செல்லுக இருக்காம். உங்களுக்கும் இருக்கு, இந்தா நம்ம கண்டக்டருக்கும் இருக்கு. கிருமி ஏதும் வந்தா அடிச்சு வெரட்டுறதுக்கு. மத்தவுகளுக்கு அதுக குழாயோட உள்தோல்ல, வாசப் பக்கம் நிக்குமாம். என்னைய மாதிரி இழுப்புக்காரவுகளுக்கு மட்டும் உள்ளாற போயி, அந்தச் சதைக்கு நடுவுலயே குடியேறிருமாம்.

— வாசல்ல நிக்கிறவனை வீட்டுக்குள்ள விட்டது யாரு?

— அதைத்தான் நானும் கேட்டேன். சதையேதான் கூப்பிடுமாம்.

— வெத்தலை பாக்கு வச்சா?

— லந்து பண்ணாதீக. ஏதோ ஒரு சுரப்பைக் கசிய விட்டு, இங்கிட்டு வா இங்கிட்டு வான்னு கூப்பிடுமாம். வெளிநாட்டுல இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வருசமாக் கண்டு சொல்லியிருக்காகளாம்.

— கூப்பிட்ட ஒடனே இதுகளும் போயிருமா?

— போயிரும். போனது சும்மா இருந்தாப் பரவால்ல. குதிரைப் பொடுகு ஒரு துளி மூச்சோட உள்ள வந்தாப் போதும், எதிரி வந்துட்டான்னு மடியில வச்சிருக்கிறதை எல்லாம் அப்பிடியே கொட்டிருமாம். பக்கத்துலயே இருக்கிற சதை மேல. அது என்ன செய்யும்? வெடுக்குனு சுருங்கிக்கிரும். எனக்கு மூச்சு நின்னுரும்.

— குதிரைக்குப் பொடுகா? எங் குதிரை சிட்டோட மேனியைத் தடவிப் பாத்திருக்கியா நீ? பொடுகாம்ல பொடுகு.

— டாக்டர் சொன்னதைச் சொல்றேன். எங்கிட்டச் சண்டைக்கு வந்தா?

— சண்டை இல்ல புள்ள... ஆக மொத்தம், இத்தனை வருசமும் என்னை நெனைச்சு இல்ல. குதிரையை நெனைச்சு.

— வீரபாண்டி வந்துருச்சு. இங்கன தண்ணிப் பாக்கெட்டு விப்பாக. ஒண்ணு வாங்குங்களேன்.

— பைக்குள்ள பாட்டில் நெறையாத் தண்ணி இருக்கு. பேச்சை மாத்தாத. எனக்கு ஒண்ணு விளங்கலை ரஃபியா. டாக்டரம்மாவுக்கும் விளங்கலை. நம்ம வீட்டுக்குக் குதிரை வந்திருக்கா?

— வந்ததில்லை.

— தெருவுல?

— ம்கூம். மாட்டு வண்டிதான்.

— நான் மலையிலருந்து எறங்கினா நேரா வீட்டுக்கு வர்றேனா? அம்மாவுக்குப் பயந்து முல்லையாத்துல முங்கி எந்திரிச்சு, தலைக்குச் சோப்புப் போட்டு, பையில மடிச்சு வச்சிருக்கிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டுத்தான் வாசப்படி மிதிக்கிறேன். அதையும் டாக்டர்கிட்டச் சொன்னேன். "அப்ப அழுக்குத் துணி?"ன்னாக. "அதெல்லாம் என் வீட்டுக்காரி வச்சிருக்கிறதே இல்லம்மா, அன்னைக்கே ஆத்துக்குக் கொண்டு போயிருவா"ன்னேன். சரிதானே?

— ம்.

— அப்ப நான் வீட்ல இருக்கயில இழுக்கலை, அது ஞாயம். குளிச்சுட்டேன். நான் மலைக்குப் போனப்புறம் இழுக்குதே, அப்ப எங்கிட்டிருந்து வருது குதிரை? ஆகாசத்துலருந்தா?

— எனக்கு எப்பிடித் தெரியும்?

— "வீட்ல என்னமோ இருக்கு, இந்த ஒரு வாரத்துல எதையோ மாத்தியிருக்கீங்க, என்னன்னு யோசிச்சுப் பாருங்க"ன்னு அந்தம்மா உன்னையத் தோண்டித் தோண்டிக் கேட்டாக. நீ சுவத்துல இருந்த படத்தையே பாத்துக்கிட்டு இருந்தே.

— யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

— கெடைச்சுச்சா?

— இல்ல.

— கெடைக்காது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது எந் தோல்லயே ஊறிப் போயிருக்கு. எங்கத்தா காலத்துலருந்து குதிரையோடயே கெடக்கிற குடும்பம். நான் படுத்த பாயி, நான் சாஞ்ச செவரு... எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நான் ஒண்ணு சொல்றேன், மூஞ்சியத் தூக்கக் கூடாது.

— என்ன?

— சுருளிவேலுகிட்டச் சொல்லிட்டேன்.

— கூடலூர்க்காரவுககிட்டயா? என்னன்னு?

— எல்லாக் குதிரையையும் எடுத்துக்கிரச் சொல்லி. அந்தாளு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காப்ல. கொடைக்கானல் ஏரிக்கரையில விட்டா டூர் வர்ற பிள்ளைகளை ஏத்திச் சுத்தலாம்னு. நீ மருந்து வாங்கப் போனீல்ல, அப்பவே போன் போட்டுட்டேன். இந்நேரம் குரங்கணிக்குப் போயிருப்பாப்ல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?

— உங்கிட்ட என்ன கேக்கிறது? கல்யாணமான நாளா "எங்கூட இங்கனயே இருங்க"ன்னு நீதானே கேட்ட. மூடை தூக்கினாலும் பரவால்ல, ராத்திரி வீட்டுக்கு வந்தாப் போதும்னு அழுகலையா நீ?

— அழுதேன்.

— பெறகென்ன? ஓடைப்பட்டியில உங்க மாமாவுக்குத் திராட்சைக் கமிசன் கடை இருக்கு. ஆள் வேணும் ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக. காலையில போனா சாயங்காலம் வீடு.

— தினமுமா?

— தினமுந்தான்.

— ராத்திரியும்...

— ராத்திரி வீட்ல படுக்காம திராட்சைப் பந்தல்லயா படுக்கப் போறேன்? கேக்குறா பாரு.

— இல்ல... சும்மா கேட்டேன். எத்தனை மணிக்கு வருவீக?

— பொழுது சாஞ்சு மகரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி வந்துருவேன்.

— அப்ப நான் நாலு மணிக்கே தலை சீவிக்கிருவேன். நோன்பு மாசத்துல நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா நோன்பு தொறக்கலாம். நம்ம இதுவரைக்கும் முழுசா ஒரு நோன்பு மாசம் சேந்து இருந்ததே இல்ல, தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— ஞாயித்துக்கிழமை ஒரு தடவை சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் போறாக.

— போவோம்.

— மழை பேஞ்சா, இந்நேரம் மலையில நனைஞ்சுக்கிட்டு எங்க நிக்கிறீகளோன்னு நான் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்ல.

— வேண்டாம் புள்ள. திராட்சைக் கடைக்குக் கூரை இருக்கு. குதிரைக்குத்தான்... கொடைக்கானல்ல குளிரு சாஸ்தி. எஞ் சிட்டுக்குக் குளம்புல ஒரு வெடிப்பு இருக்கு. சுருளிவேலு அதைப் பாப்பாப்லயான்னு தெரியலை. அதுக்குத் தண்ணி காட்டினா ஒடனே குடிக்காது. பக்கத்துல நின்னு சீட்டி அடிக்கணும். அடிச்சாத்தான் குனியும்.

— அதை அவுககிட்டச் சொல்லிருங்க.

— சொன்னா? வேற ஆளு சீட்டி அதுக்குத் தெரியாதா? ஏலக்கா மூடையை ஏத்திட்டு ஒத்தையடிப் பாதையில முன்னால போகும் பாரு, நான் வர்றேனான்னு வளைவுக்கு வளைவு நின்னு பாத்துட்டுத்தான் நடக்கும். எந்நேரமும் ஏரியைச் சுத்துற வேலை. அதுல எதைத் திரும்பிப் பாக்கிறது?

— மச்சான்...

— ஒண்ணுமில்ல. மிருகந்தானே. பழகிக்கிரும்.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— பஸ்ஸு குலுங்குதுல்ல. இந்தா, போன் அடிக்குது. ஜேசுராஜ் கடை நம்பரு. அங்கனருந்துதான் சுருளிவேலு கூப்பிடுறாப்ல. இரு.

— மச்சான், எடுக்காதீக.

— அட, இரு புள்ள. அலோ... ஆங், சுருளிவேலா... போயிட்டீகளா? ... சின்னமனூர் தாண்டப் போறோம்... ஆமா, சரிதான். எல்லாத்தையும் புடிச்சுக்கிரலாம்... அய்ய, சிட்டுக்கு மொதல்ல கயிறு போடாதீக! மத்ததுக்குப் போடுங்க. அது மெரண்டுச்சுன்னா எல்லாம் மெரளும்... கடிக்க வருதா? ... வரும், வரும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சிட்டூன்னு இழுத்துக் கூப்பிடணும்... அது அப்பிடித்தான் சத்தம் போடும்... கேக்குது. எனக்கே கேக்குது... சரி. கொஞ்சம் பொறுங்க, வேற ஒண்ணும் செய்யாதீக. நான் திரும்பக் கூப்பிடுறேன்.

— என்னவாம்?

— தேடுதாம். நீ ஏன் அழுகுற? ஏய், ரஃபியா. மூச்சு வாங்குதா? இன்ஹேலரை எடுக்கவா?

— மூச்செல்லாம் வாங்கலை. அவுகளைத் திரும்பக் கூப்பிட்டு, குதிரையைக் கட்டிப் போட்டுட்டு வெறுங்கையோட எறங்கச் சொல்லுங்க.

— கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?

— டாக்டர் குதிரையை விக்கச் சொன்னாகளா? எங்கிட்டிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தானே சொன்னாக?

— கண்டுபிடிக்க முடியலையே!

— நான் கண்டுபிடிச்சுட்டேன்.

— எப்ப? இப்பவா?

— போன வாரம். கையில வீங்குச்சே, அந்த நிமிசமே.

— அப்ப அந்தம்மா கேக்கயில வாய மூடிக்கிட்டு இருந்தே? நான் பைத்தியக்காரன் மாதிரி பாயி, செவருன்னு பொலம்பிக்கிட்டு வர்றேன், அப்பவும் சொல்லலை?

— உங்களை வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்ல?

— என்னை வச்சுக்கிட்டுச் சொல்ல முடியாதுன்னா... என்ன புள்ள அது? நான் இல்லாத நேரம் யாரு வீட்டுக்குப் போற வர்றே?

— பேசுவீக! நல்லாப் பேசுவீக! அந்த மாமி கண்ணுல மண்ணைத் தூவிட்டு நான் வாசலுக்குப் போக முடியுமா? இதுக்குத்தான் சொல்ல வந்தேன் பாருங்க உங்ககிட்ட. எம் புத்தியை...

— சரி, சரி. தப்புத்தான். பதட்டத்துல வந்துருச்சு. சொல்லு.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— மாமிகிட்டச் சொல்லக் கூடாது. முக்கியமா ஜேசுராஜ் டீக்கடையில சொல்லவே கூடாது.

— அல்லா மேல ஆணையாச் சொல்லலை.

— நீங்க கொண்டு வர்ற அழுக்குத் துணி எல்லாத்தையும் நான் ஆத்துக்குக் கொண்டு போறதில்லை.

— பின்ன?

— ஒரு சட்டையை மட்டும் எடுத்து, டிரங்குப் பெட்டியில அடியில வச்சிருவேன். நீங்க திரும்ப மலையேறுன அன்னைக்கு ராத்திரி எடுத்து, தலகாணி உறைக்குள்ள போட்டு... அதுலதான் மூஞ்சியை வச்சுப் படுப்பேன். நீங்க எறங்கி வர்றீகன்னு சேதி வந்தா, ஓடிப் போயி அலசிருவேன்.

— எத்தனை நாளா?

— நீங்க மொதத் தடவை என்னைய விட்டுட்டு மலைக்குப் போனீகளே, அன்னைக்கிருந்து.

— அதுல குதிரை நாத்தம்ல அடிக்கும்!

— அடிக்கும். அதுக்குள்ள நீங்களும் இருப்பீக.

— யா அல்லா... இதுலயா மூச்சு முட்டிச் செத்துச் செத்துப் பொழைச்சே? இந்தச் சட்டைக்கா நான் சிட்டுவை விக்கப் போனேன்?

— எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஏக்கம்னாக, நானும் ஏக்கம்னுதான் நெனைச்சேன். இழுப்பு கூடக் கூட இன்னும் நல்லா அமுக்கிக்கிட்டுப் படுப்பேன். போன வாரம் டாக்டர் சொன்ன அன்னைக்கே சட்டையையும் உறையையும் வெந்நியில போட்டுத் தொவைச்சுட்டேன். போதுமா? சுருளிவேலைக் கூப்பிடுங்க.

— கூப்பிடுறேன். ஆனா ஒண்ணு. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, நான் நாளையிலருந்து தினமும் உங்கூட இருந்திருப்பேன். இப்பச் சொல்லிட்டே. நான் திங்கக்கிழமை மலையேறிருவேன். தெரிஞ்சுதான் சொன்னியா?

— தெரிஞ்சுதான். தேனியிலருந்து சின்னமனூர் வரைக்கும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சுருளிக்குப் போறதையும் நோன்பையும் பேசிக்கிட்டு வந்தப்ப, இப்பிடியே விட்டுட்டா என்னன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போன்ல அது உங்களைத் தேடிச் சத்தம் போட்டுச்சு பாருங்க. எனக்கு அந்தத் தேட்டம் தெரியும் மச்சான். இன்னொண்ணுக்கு அதைக் குடுக்க எனக்கு மனசு வரலை. பஸ்ஸுல கண்ணைத் தொடைக்காதீக. பாக்குறாக.

— பாக்கட்டும். போ புள்ள, நீ ஒரு... சரி விடு. மூச்சாவது உனக்குத் திரும்பி வந்துச்சே. சட்டை இல்லாம இந்த ஒரு வாரம் நல்லபடியா இருந்தீல்ல?

— மூச்சு நல்லா வந்துச்சு மச்சான். தூக்கந்தான் வரலை.